மம்மர்ஸ் நாடகத்தோடு ஒரு நாள் முழுக்கப் பப் பப்பாகச் சுற்றுவது எப்படி

பப்பில் உட்கார்ந்திருக்கும் யாரும் உங்களைப் பார்க்க வரவில்லை. குடிக்க வந்திருக்கிறார்கள், அரட்டைக்கு வந்திருக்கிறார்கள், டிவியில் ஃபுட்பால் பார்க்க வந்திருக்கிறார்கள். நடுவில் நீங்கள் ஏழெட்டுப் பேர் வாளும் வேஷமுமாக நுழைந்து, பதினைந்து நிமிஷத்துக்கு அந்த இடத்தைக் கேட்டு வாங்கப் போகிறீர்கள். மம்மர்ஸ் நாடகத்தோடு (பண்டிகை நாட்களில் வேஷம் கட்டி ஆடும் இங்கிலாந்தின் நாட்டுப்புற நாடகம் இது) ஊர் சுற்றுகிற நாளுக்கான எல்லா ஏற்பாடும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் ஒரு குழுவில் சில வருஷமாக நான் டாக்டர் வேஷம் கட்டுகிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கதை ரொம்பச் சின்னது. கிங் ஜார்ஜ் வருவார் (சில ஊர்களில் புனித ஜார்ஜ்), துருக்கி வீரனோ ஸ்லாஷர் என்ற சண்டைக்காரனோ அவரோடு மோதுவான், ஒருவர் செத்து விழுவார், டாக்டர் வந்து எழுப்புவார், கடைசியில் தோளில் தடியும் கையில் சட்டியுமாக பீல்ஸபப் என்ற சாத்தான் வருவார், காசு வசூலிக்க ஒருவர் வருவார். அவ்வளவுதான். ஒவ்வொரு ஆளும் "இதோ வந்தேன் நான்" என்று தன்னைத் தானே அறிவித்துக்கொண்டு நுழைவதைப் பார்த்தால் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். நம் கட்டியங்காரன் செய்கிற வேலையை இங்கே பெரும்பாலும் ஃபாதர் கிறிஸ்துமஸ் செய்வார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சடங்கு இது என்று பலர் சொல்வார்கள், அதை நீங்களும் மேடைப் பேச்சு மாதிரி சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் நமக்குக் கிடைத்திருக்கும் முழு வசனங்கள் 18-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் போவதில்லை. என்னைக் கேட்டால் அதுவே போதுமான வயசு.

எந்த நாள் என்பதை ஊர்தான் தீர்மானிக்கும். குளோஸ்டர்ஷயரின் மார்ஷ்ஃபீல்டில் டிசம்பர் 26 அன்று காகிதப் பட்டை உடையில் தெருவிலேயே ஆடுகிறார்கள். செஷயரில் ஆன்ட்ரோபஸ் குழு நவம்பர் 2-ஐ ஒட்டி, குதிரைத் தலை வேஷத்தோடு பப்களுக்குப் போகிறது. யார்க்ஷயரின் கால்டர் பள்ளத்தாக்கில் புனித வெள்ளிதான் நாள். கிழக்கு மிட்லண்ட்ஸ் பக்கம் ஜனவரியில் வரும் கலப்பைத் திங்கள். உங்கள் பகுதியில் ஏற்கெனவே ஒரு குழு இருந்தால் அவர்கள் நாளில், அவர்கள் பப்பில் கை வைக்க வேண்டாம். முதலில் போய்ப் பார்த்துவிட்டு அவர்களிடமே பேசுங்கள், பெரும்பாலும் ஆள் பற்றாக்குறையில்தான் இருப்பார்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து பப் போதும். ஆறு என்பது இழுப்பது, ஏழு என்றால் கடைசி இரண்டு பப்புக்கும் நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள். ஆட்டம் பதினைந்து நிமிஷம்தான் என்றாலும் ஒவ்வொரு இடத்திலும் முக்கால் மணி நேரம் போய்விடும்: வாசலில் கூடுவது, ஆட்டம், வசூல், "இது என்ன, எதற்கு" என்று கேட்பவர்களுக்குப் பதில், கழிப்பறை, எண்ணிக்கையில் ஒரு ஆள் குறைகிறதே என்று தேடுவது. நடந்து போகிற தூரத்தில் பப்கள் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. வேன் என்றால் ஓட்டுபவர் அன்று ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது, இதில் பேச்சே இல்லை.

மூன்று வாரம் முன்னாடியே ஒவ்வொரு பப்புக்கும் நேரில் போய் லேண்ட்லார்டிடம் (பப்பை நடத்துபவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பேசுங்கள். ஃபோனில் "நாட்டுப்புற நாடகம்" என்றால் மைக், மேடை என்று எதையோ நினைத்துக்கொள்வார்கள். நேரில் போனால் மூன்று விஷயம் கேட்டு முடித்துவிடலாம்: மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு ஓய்கிறது, டிவியையும் பாட்டையும் பதினைந்து நிமிஷம் நிறுத்துவீர்களா, எந்தக் கதவு வழியாக வரலாம். எங்கள் முதல் வருஷத்தில் சாப்பாட்டு நேரம் கேட்க மறந்து, கிங் ஜார்ஜ் வாளை ஓங்கும்போது பின்னால் நான்கு தட்டு வறுவலோடு ஒரு பெண் வழி கேட்டுக்கொண்டு நின்றாள். பாவம், அவள் வேலையை நாங்கள் கெடுத்தோம்.

அப்படியே கூரையையும் அண்ணாந்து பாருங்கள். பழைய பப்களில் உத்தரம் ஆறடிக்கும் கீழே இருக்கும். தலைக்கு மேலே வாளை வீசிப் பழகிவிட்டு அங்கே போனால் வாள் உத்தரத்தில் அடித்து நிற்கும், கூடவே வசனமும் நிற்கும். சண்டையை இடுப்பு உயரத்தில் பழகுங்கள், கைக்கடக்கமான மரவாள் போதும். இரும்பு வேண்டவே வேண்டாம், நெரிசலில் ஆபத்து, தெருவில் அதை எடுத்துக்கொண்டு நடப்பதும் வம்பு.

சட்டம் பற்றி இரண்டே விஷயம். 2013-க்குப் பிறகு, காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்கு மிகாமல் நாடகம் போட இங்கிலாந்தில் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் பப் பப்பாகப் போய் அறக்கட்டளைக்குப் பணம் திரட்டுவது வீடு வீடாகத் திரட்டுவதற்குச் சமம், அதற்கு உள்ளூர் கவுன்சிலில் உரிமம் வாங்க வேண்டும். அந்த அறக்கட்டளையிடமே கேட்டால் வழி சொல்வார்கள், சீல் வைத்த உண்டியலும் தருவார்கள்.

உடைக்குப் பழைய கோட் ஒன்றை எடுத்து, கீழ் வரிசையிலிருந்து மேலே துணிப்பட்டைகளைத் தைத்துக்கொண்டு போங்கள், மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று விழும். காகிதம் பார்க்க அழகு, ஆனால் மழையில் ஊறிவிடும், குளிர்காலப் பப்பில் கணப்பு வேறு எரிந்துகொண்டிருக்கும். எங்களில் ஒருவர் நெருப்புக்கு முதுகைக் காட்டி நின்றபோது பட்டையின் நுனி பழுப்பாகச் சுருள ஆரம்பித்ததை நான் கண்ணால் பார்த்தேன், அன்றோடு துணிக்கு மாறினோம். முகத்துக்குத் தொப்பி விளிம்பிலிருந்து தொங்கும் பட்டைகளே போதும். கறுப்பு மை பூசும் பழைய பழக்கம் வேண்டாம், கறுப்பினத்தவரைப் புண்படுத்தும். மோரிஸ் என்ற இங்கிலாந்து நாட்டுப்புற நடனத்தின் குழுக்களுக்கான மூன்று சங்கங்களும் 2020-இல் முழு முகக் கறுப்பைக் கைவிடச் சொன்னது சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

இப்போது முக்கியமானது, உள்ளே நுழையும் முதல் பத்து விநாடி. முதல் ஆள் கதவைத் திறந்ததும் நிற்கக் கூடாது, தயங்கக் கூடாது, "மன்னிக்கணும்" என்று சொல்லவே கூடாது. நேராக அறையின் நடுவுக்கு நடந்துகொண்டே "இடம் விடுங்கள், இடம் விடுங்கள்" என்று தொடங்கி, துடைப்பத்தால் தரையைப் பெருக்கியபடி வட்டமாகச் சுற்ற வேண்டும். துடைப்பம் காலருகே வந்தால் யாராக இருந்தாலும் இரண்டடி பின்னால் போவார்கள், கோபமும் வராது. அந்த வட்டம் கிடைத்துவிட்டால் பாதி ஆட்டம் முடிந்தமாதிரி. மற்றவர்கள் வரிசையாக வந்து சுவரோரம் நிற்கட்டும். முறை வந்ததும் ஓரடி முன்னால், எதிர்ச் சுவரைப் பார்த்து வசனம், பிறகு ஓரடி பின்னால். நடிக்க முயலாதீர்கள். தாளத்தோடு உரக்கச் சொல்லுங்கள், முணுமுணுத்து உணர்ச்சி காட்டினால் மூன்றாவது மேஜைக்கே கேட்காது.

வேகம் எடுக்கிற இடம் டாக்டர்தான். பத்து பவுண்ட் கேட்டு ஐந்துக்கு இறங்கும் பேரம், இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின் எல்லாம் சுற்றிய பீற்றல், அரிப்பு, குத்தல், வாதம், கீல்வாதம் எல்லாம் தீர்ப்பேன் என்ற பட்டியல். நான் செத்தவன் வாய்க்குள் குறடை விட்டுக் கையளவு மரப்பல் ஒன்றை இழுத்து எடுப்பேன். எடுத்ததும் அதை உயரத் தூக்கிக் காட்டுவதோடு விடாமல், பக்கத்து மேஜைக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அடுத்தவரிடம் கொடுப்பார், அது அறை முழுக்கச் சுற்றி வருவதற்குள் மருந்து வேலை செய்து ஆள் எழுந்துவிடுவான். டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கூட அந்தப் பல்லுக்குக் கை நீட்டுவார்.

உண்டியல் சிரிப்பு அடங்குவதற்குள் சுற்ற வேண்டும். தாமதித்தால் எல்லோரும் கிளாஸ் நிரப்பப் போய்விடுவார்கள். கார்டு இயந்திரம் ஒன்றும் வைத்திருங்கள், சில்லறையே இல்லாதவர்கள் நிறைய.

அப்புறம் குடி. பல லேண்ட்லார்டுகள் ஆளுக்கு ஒரு பைன்ட் பீர் என்று அன்போடு ஊற்றுவார்கள், ஒரு பைன்ட் என்பது 568 மில்லி, ஐந்து பப் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அரை பைன்ட், ஷாண்டி (எலுமிச்சைப் பானம் கலந்த பீர்), நடுவில் தண்ணீர், இரண்டாவது பப்பில் கட்டாயம் சாப்பாடு. வசனம் குழறினாலும் சமாளிக்கலாம், ஆனால் தள்ளாடுபவன் கையில் மரவாள்கூட ஒருவர் பல்லை எடுத்துவிடும்.

கடைசி ஆட்டம் முடிந்ததும் வேஷத்தைக் கலைத்து, ஈரக் கோட்டுகளை அன்றிரவே விரித்துத் தொங்கவிடுங்கள், மூட்டையாகக் கட்டி வைத்தால் அடுத்த வருஷம் பூஞ்சணம்தான் கிடைக்கும். மறுநாள் வசூல் எவ்வளவு என்று ஐந்து லேண்ட்லார்டுகளுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த வருஷத் தேதியையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.