காப்பிக்கடை ஹொக்கியன் மீ வீட்டில் செய்வது எப்படி?

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் ஹொக்கியன் மீ (சீன நூடுல்ஸ் வகை) கேட்டால், வெளிர் நிறத்தில், கொழகொழவென்று, இறால் மணக்க ஒரு தட்டு வரும். கோலாலம்பூரில் அதே பெயரைச் சொன்னால் கறுப்புச் சோயா சாஸில் புரட்டிய தடித்த மீ வரும். பினாங்கில் சொன்னால் காரமான இறால் சூப்பே வந்து நிற்கும். செய்முறை தேடுபவர்கள் குழம்புவது இதனால்தான். இங்கே சொல்வது சிங்கப்பூர் வகை. ரோச்சோர் வட்டாரத்தில் விற்றதால் பழைய ஆட்கள் இதை ‘ரோச்சோர் மீ’ என்றும் சொல்வார்கள்.

கடைப் பலகையில் பிரட்டிய மீ என்று இருந்தாலும், பாதி நேரம் இது சாற்றில்தான் வேகிறது. சாறு மீக்குள் இறங்க வேண்டும். அது இறங்காவிட்டால் எவ்வளவு பெரிய இறால் போட்டாலும் சப்பென்றுதான் இருக்கும்.

இரண்டு பேருக்குத் தேவையானவை

மஞ்சள் மீ 250 கிராம், தடித்த பீஹூன் என்னும் அரிசி நூடுல்ஸ் 120 கிராம் (வெந்த எடை), தலையோடு இறால் 300 கிராம், நடுத்தரக் கணவாய் 1, பன்றி வயிற்றிறைச்சி 150 கிராம், பன்றி எலும்பு 400 கிராம், பன்றிக் கொழுப்பு 150 கிராம், நெத்திலிக் கருவாடு ஒரு கைப்பிடி, முட்டை 2, பொடியாக நறுக்கிய பூண்டு 6 பல், தௌகே (பயறு முளை) 80 கிராம், கூச்சாய் (பூண்டு வாசமுள்ள தட்டைத் தாள்) ஒரு சிறு கட்டு, மீன் சாஸ், வெள்ளை மிளகுத்தூள், லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) 2.

பன்றி சேர்க்காதவர்கள் கோழி எலும்பும் கோழிக்காலும் போட்டுச் சாறு எடுக்கலாம். கொழுப்புக்குப் பதில் கோழித்தோலை உருக்கிய நெய் நன்றாகவே பொருந்தும்.

படி 1: சாறு

எலும்பைக் கொதிநீரில் 5 நிமிடம் போட்டு எடுத்துக் கழுவுங்கள். இதைத் தவிர்த்தால் சாற்றில் கசடும் கவிச்சியும் தங்கும். பிறகு 1.5 லிட்டர் தண்ணீரில் எலும்பு, கருவாடு, வயிற்றிறைச்சி மூன்றையும் போட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம் வையுங்கள். வயிற்றிறைச்சியை மட்டும் 30 நிமிடத்தில் எடுத்து, ஆறியதும் மெல்லிய பட்டைகளாக நறுக்குங்கள்.

அந்த நேரத்தில் இறாலின் தலையையும் ஓட்டையும் தனியே எடுத்து, 2 மேசைக்கரண்டி எண்ணெயில் நடுத்தரத் தீயில் 5, 6 நிமிடம் வறுங்கள். கரண்டியின் பின்புறத்தால் தலைகளை அழுத்தி நசுக்கிக்கொண்டே வறுக்க வேண்டும். சாற்றின் சுவையே அந்தத் தலைக்குள்தான் இருக்கிறது. எண்ணெய் செம்மஞ்சளாக மாறி, வாசம் கூடத்துக்கு வந்தால் போதும். எலும்புச் சாற்றில் கொட்டி இன்னும் 30 நிமிடம் கொதிக்க விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஓடு நெடுநேரம் கொதித்தால் சாறு கசக்கும்.

வடிகட்டினால் ஏறக்குறைய 800 மில்லி தேறும். உப்பு போடாதீர்கள், மீன் சாஸ் பின்னால் வருகிறது. உரித்த இறாலை இதே சாற்றில் ஒரு நிமிடமும், வளையமாக நறுக்கிய கணவாயை 30 வினாடியும் முக்கி எடுத்து வையுங்கள். பாதி வெந்தால் போதும், மீதி வாணலியில் வேகும். கணவாய் ரப்பராவது, இரண்டு இடத்திலும் முழுசாக வேகவைப்பதால்தான்.

படி 2: கொழுப்பு உருக்குதல்

கொழுப்பை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, 3 மேசைக்கரண்டி தண்ணீரோடு சிறு தீயில் 20, 25 நிமிடம் வையுங்கள். தண்ணீர் வற்றும்வரை துண்டுகள் கருகாமல் உருகும். இளம்பொன் நிறத்திலேயே வடித்துவிடுங்கள், எடுத்த பிறகும் நிறம் ஏறும். மொறுமொறுப்பான துண்டுகளை மேலே தூவிக்கொள்ளலாம்.

படி 3: மீ

மஞ்சள் மீயில் காரநீர் (மிளகாய்க் காரமல்ல, சோடா உப்பு போன்ற காரம்) சேர்த்திருப்பார்கள். கழுவாமல் போட்டால் சாறு முழுவதும் சோப்பு வாடை அடிக்கும். கொதிநீரில் 20 வினாடி அலசி, குளிர்ந்த நீரில் காட்டி, நன்றாக வடியவிடுங்கள். உலர்ந்த பீஹூன் என்றால், நடுவில் கொஞ்சம் கடிபடும் பதத்தில் வேகவைத்து வடியுங்கள்.

படி 4: வாணலி

வீட்டு அடுப்பின் தீ கடை அடுப்பின் தீ ஆகாது. அதனால் இரண்டு தட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் போடாதீர்கள். நான்கு பேருக்கு வேண்டுமானால் இரண்டு தடவை செய்யுங்கள். பக்கத்து அடுப்பில் சாறு கொதித்துக்கொண்டே இருக்கட்டும்.

இரும்பு வாணலியைப் புகை வரும்வரை காயவைத்து, 2 மேசைக்கரண்டி உருக்கிய கொழுப்பு விட்டு, முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். 10 வினாடியில், முட்டை ஈரமாக இருக்கும்போதே, மீயையும் பீஹூனையும் கொட்டி வாணலியின் சுவரோடு பரப்பி அழுத்துங்கள். ஒரு நிமிடம் கையை வைக்காதீர்கள். அடிப்பக்கம் லேசாகத் தீயும் வாசம் வந்ததும் புரட்டிப் போட்டு, மறுபக்கத்தையும் அப்படியே விடுங்கள். அந்தத் தீய்ந்த மணத்துக்காகத்தான் கடை முன் வரிசை நிற்கிறது.

மீயை ஓரம் தள்ளி, நடுவில் ஒரு மேசைக்கரண்டி கொழுப்பும் பூண்டும் போடுங்கள். 5 வினாடி போதும். முதலிலேயே போட்டால் பூண்டு கருகிக் கசக்கும். ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸைச் சுற்றிலும் விட்டு, கொதிக்கும் சாறு 200 மில்லி ஊற்றி மூடுங்கள். இரண்டு நிமிடம்.

திறந்தால் சாறு பாதிக்கு மேல் உள்ளே போயிருக்கும். இறைச்சி, இறால், கணவாய் சேர்த்து இன்னும் 150 மில்லி ஊற்றி, ஒன்றரை நிமிடம் மூடுங்கள். கடைசியில் தௌகே, கூச்சாய், மிளகுத்தூள் போட்டு நாலைந்து புரட்டுப் புரட்டி இறக்குங்கள். வாணலியைச் சாய்த்தால் குழம்பு தண்ணீராக ஓடக் கூடாது, மெதுவாக வழுக்கி இறங்க வேண்டும். மீயின் மாவும் எலும்பின் பசையும் கொழுப்பும் கலந்துதான் இந்தப் பதம் வருகிறது. சோள மாவு கரைத்து ஊற்றுவது குறுக்கு வழி, வாயில் வைத்ததும் தெரிந்துவிடும்.

தவறு நடக்கும் இடங்கள்

மீ கூழாகிவிட்டதா? ஆறிய சாற்றை ஊற்றியிருப்பீர்கள். வாணலியின் சூடு இறங்கிவிட, மறுபடி கொதி வருவதற்குள் மீ ஊறி உடைந்துவிடும். சூப் மாதிரி நிற்கிறதா? சாற்றை ஒரே தடவையில் ஊற்றியதால் வந்தது. மூடியைத் திறந்து பெருந்தீயில் வற்றவிடுங்கள், கிளறிக்கொண்டே இருக்க வேண்டாம். நிறம் வெளிறி இருக்கிறதே என்று சோயா சாஸ் ஊற்றாதீர்கள். அதன் நிறமே அதுதான்.

சம்பலும் மட்டையும்

10 காய்ந்த மிளகாயை ஊறவைத்து, 6 சின்ன வெங்காயம், 2 பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி வறுத்த பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) சேர்த்து அரைத்து, எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் 15 நிமிடம் வதக்குங்கள். ஒரு சிட்டிகை சர்க்கரை. தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி வைத்து, மீயின் மேல் லிமாவ் கஸ்தூரியைப் பிழியுங்கள். கொழுப்பின் திகட்டலை அந்தப் புளிப்புதான் வெட்டும்.

சில கடைகளில் பொட்டலம் கட்டுவது ‘ஓப்பே’ இலையில். அது வேறொன்றும் இல்லை, நம் பாக்குமட்டைதான். சுடச்சுட மீயை அதில் கொட்டி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் மெல்லிய மரவாசம் ஏறும். கிடைத்தால் கழுவித் துடைத்துப் பயன்படுத்துங்கள்.

சாறு 400 மில்லி போல மிஞ்சும். அதை இரண்டு டப்பாவில் பிரித்து உறையவைத்தால், அடுத்த முறை படி 2-லிருந்து தொடங்கலாம். அன்றைக்கு வாங்கும் இறாலின் தலைகளையும் எறியாமல் உறைபெட்டியில் சேர்த்துவையுங்கள்.