குடிபோதை வாகன வழக்குக்குப் பின் வெளிநாட்டு விசா: மலையகத்தவருக்கு ஒரு வழிகாட்டல்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டியதற்காக நீதவான் நீதிமன்றத்தில் நின்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டப்பணம் கட்டி வெளியே வந்தவர்களில் பலர் அத்தோடு வழக்கு தீர்ந்தது என்றே எண்ணுகிறார்கள். தபாற் கந்தோரில் கட்டும் ஸ்தலத் தண்டத்தையும் இதையும் ஒன்றாகக் கருதுவதால் வரும் பிழை இது. நீதிமன்றம் விதித்த தண்டம் ஒரு குற்றத்தீர்ப்பின் விளைவு ஆகும். விசாப் படிவம் கேட்பது அதைத்தான். கனடாவின் படிவம் கைது செய்யப்பட்டதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா என்றும் கேட்கிறது; ஆகவே "சிறைக்குப் போகவில்லையே" என்ற பதில் அங்கே பொருந்தாது.

முதலில் சேகரிக்க வேண்டியவை நீதிமன்றக் கடதாசிகள். வழக்கு இலக்கத்தைக் கொடுத்து, தீர்ப்பு அடங்கிய வழக்கேட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைப் பெறுங்கள். தண்டம் கட்டிய பற்றுச்சீட்டையும், சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டிருந்தால் அது எந்தத் திகதியில் முடிந்தது என்பதற்கான சான்றையும் சேர்த்து வையுங்கள். மலையக நீதிமன்றங்களின் ஏடுகள் சிங்களத்தில் இருப்பதால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கில மொழிபெயர்ப்புப் பெற வேண்டும். இங்கே நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதன் வேறொரு எழுத்துக்கூட்டல், வழக்கேட்டில் பொலிஸார் காதில் விழுந்தபடி மூன்றாவது வடிவம். மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து இணைத்துவிடுங்கள். பொலிஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது தோட்டத்து லயன் முகவரியையும், பிறகு குடியேறிய நகர முகவரியையும் விடாமல் குறிப்பிடுங்கள்.

கனடாவுக்குப் போவதென்றால் திகதிகளைக் கவனமாகக் கணக்கிட வேண்டும், ஏனெனில் மற்ற நாடுகளைவிட இவ்விடயத்தில் கனடா கடுமையானது. வெளிநாட்டில் நடந்த குற்றத்தைத் தன் சட்டத்தோடு ஒப்பிட்டே அது முடிவெடுக்கும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்ற எல்லை இலங்கையிலும் கனடாவிலும் ஒன்றே என்பதால் அந்த ஒப்பீட்டில் தப்ப இடம் குறைவு. 2018 டிசம்பர் 18 முதல் அங்கே இக்குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனை ஐந்து ஆண்டுகளிலிருந்து பத்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டு, பாரதூரமான குற்றமாக வகைப்படுத்தப்பட்டது. அத்திகதிக்கு முன்னர் ஒரே ஒரு முறை குற்றம் செய்து, தண்டனை முடிந்து பத்து ஆண்டுகள் கடந்திருந்தால், காலம் கடந்ததாலேயே நீங்கள் திருந்தியவராகக் கருதப்படலாம். அதற்குப் பின்னர் செய்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, திருந்தியவர் என்று ஏற்று நுழைய விடும் புனர்வாழ்வு அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டிருந்தால், அந்த ஐந்து ஆண்டுகள் தண்டம் கட்டிய நாளிலிருந்து அல்ல, இடைநிறுத்தம் முடிந்த நாளிலிருந்தே தொடங்கும். உதாரணமாக 2019 மார்ச்சில் தண்டம் கட்டி, ஆறு மாத இடைநிறுத்தம் செப்டெம்பரில் முடிந்திருந்தால், 2024 செப்டெம்பருக்குப் பிறகே விண்ணப்பிக்கலாம். ஐந்து ஆண்டுகள் நிறையாதவர் தற்காலிக வதிவிட அனுமதி கேட்கலாம். ஆனால் வலுவான காரணம் காட்ட வேண்டும். ரொறன்ரோவில் தங்கையின் கலியாணம் என்பது உங்களுக்குப் பெரிய காரணமாக இருந்தாலும் அதிகாரிக்கு அது போதும் என்று எண்ணிவிடாதீர்கள்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை, ஒரு தடவை நடந்த சாதாரண வழக்கு மாத்திரம் பொதுவாக நுழைவைத் தடுப்பதில்லை. எனினும் கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு கைதோ பத்து ஆண்டுகளில் இரண்டோ இருந்தால், தூதரகம் நியமித்த மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பிரித்தானியாவுக்குச் சுற்றுலா விசா கேட்பவர், தண்டப்பணம் போன்ற சிறையில்லாத் தண்டனை பெற்றிருந்தால், தீர்ப்பு நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்கள் கடந்த பின் விண்ணப்பிப்பதே நல்லது. அவுஸ்திரேலியாவின் நன்னடத்தைச் சோதனையில் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றிருப்பதே பெரிய தடை.

படிவத்தில் "ஆம்" என்று எழுதிய பின், ஒரு பக்கத்துக்கு மேற்படாத விளக்கக் கடிதம் இணையுங்கள். என்ன நடந்தது, எப்போது, என்ன தண்டனை, அதன்பின் வழக்கு ஏதும் இல்லை என்பன போதும். பனிமூட்டத்தையும் தீபாவளி விருந்தையும் பொலிஸாரின் நடத்தையையும் அதில் இழுக்காதீர்கள். படிவம் நிரப்பிக் கொடுக்கும் சில முகவர்கள் "இதெல்லாம் அங்கே தெரியாது, இல்லை என்று போடுங்கள்" என்பார்கள். கையொப்பமும் விளைவும் உங்களுடையவை: பொய்த் தகவல் வெளிப்பட்டால் கனடா ஐந்து ஆண்டுகளும் பிரித்தானியா பத்து ஆண்டுகள் வரையும் தடை விதிக்கும். குற்றத்தீர்ப்பு மன்னிக்கப்படக்கூடிய இடத்தில்கூட இந்தப் பொய் தனிக் குற்றமாக நிற்கும்.

விசா கிடைத்த பின்னும் எல்லை அதிகாரி மறுபடி கேட்கலாம். எனவே வழக்கேட்டுப் பிரதி, மொழிபெயர்ப்பு, பற்றுச்சீட்டு, அனுமதிக் கடிதம் ஆகியவற்றைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாமல், கடவுச்சீட்டோடு கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.