வீட்டுப் பேசினில் கைக்காகிதம், அதிலேயே ஒரு சிறு நோட்டு: முதல்முறை செய்பவர்களுக்கு

அமெரிக்காவின் அட்லாண்டாவில், ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில், காகிதத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ராபர்ட் சி. வில்லியம்ஸ் காகிதத் தயாரிப்பு அருங்காட்சியகம் என்று பெயர். பழைய சல்லடைகளையும், வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் நீர்க்குறிகளையும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டுவதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. வருகிறவர்கள் காகிதக் கூழுக்குள் கைவிட்டுத் தாள் எடுக்கவும், எடுத்த தாளை மடித்துத் தைக்கவும் பட்டறைகள் நடத்துகிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், 1980-ல் திறக்கப்பட்ட காகித ஆலை அருங்காட்சியகத்திலும் பார்வையாளர்கள் தாங்களே தாள் எடுக்கலாம்.

அட்லாண்டா தொகுப்புக்கு அடித்தளம் போட்டவர் டார்ட் ஹண்டர் (1883–1966). காகிதம், எழுத்துரு, அச்சு மூன்றையும் தன் கையாலேயே செய்து புத்தகம் வெளியிட்ட மனிதர். ஜப்பான், சீனா, கொரியா, இந்தியா என்று அலைந்து கருவிகளையும் தாள்களையும் சேகரித்தார். 1939-ல் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட அந்தச் சேகரிப்பு, 1954-ல் விஸ்கான்சினின் ஆப்பிள்டன் நகருக்குப் போய், 1989-ல் அட்லாண்டா வந்து சேர்ந்தது. காகிதத்தைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் கூழ்த் தொட்டிக்கு முன்னால் நின்று கற்றது. அதனால்தான் இந்தக் கலையைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு முறை செய்து பார்ப்பது மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அட்லாண்டா வரை போக வேண்டியதில்லை, வீட்டுக் குளியலறையே போதும்.

செய்முறைக்கு முன்னால் ஒன்றை மனதில் வையுங்கள். காகிதம் என்பது தண்ணீரில் பிரிந்து மிதந்த செல்லுலோஸ் இழைகள் (தாவரங்களின் நார்ப்பொருள்), தண்ணீர் வடிய வடிய ஒன்றன்மேல் ஒன்று படிந்து பிணைவது. பசை எதுவும் தேவையில்லை. ஈரம் காயும்போது இழைகளுக்கிடையே உண்டாகும் ஹைட்ரஜன் பிணைப்புதான் தாளைப் பிடித்துவைக்கிறது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியும் தண்ணீரை எப்போது சேர்ப்பது, எப்படி வெளியேற்றுவது என்பதைப் பற்றியதுதான்.

வேண்டிய பொருட்கள்

ஒரே அளவில் இரண்டு மரப் போட்டோ ஃபிரேம்கள் (கண்ணாடியும் பின்அட்டையும் எடுத்துவிட்டு), ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலை கொஞ்சம், ஃபிரேம் தாராளமாக உள்ளே போய்த் திரும்புகிற அளவுக்கு அகலமும் ஒரு சாண் ஆழமும் உள்ள பேசின், மிக்ஸி, பழைய கம்பளியோ பருத்தி வேட்டியோ கிழித்த துண்டுகள், ஒரு ஸ்பாஞ்ச், இரண்டு பலகைகள். தைப்பதற்கு ஊசி, தடித்த பருத்தி அல்லது லினன் நூல், மெழுகுவத்தித் துண்டு.

படி 1: சட்டம்

ஒரு ஃபிரேமின் மேல் வலையை நன்றாக இழுத்து, பக்கவாட்டில் பின் அடியுங்கள். சாதாரண ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை விடும். பித்தளைக் குண்டூசியோ துருப்பிடிக்காத பின்னோ நல்லது. தொய்வு இருக்கவே கூடாது. தொய்ந்த வலையில் கூழ் நடுவில் குவிந்து, தாள் நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் வரும். இதுதான் வலைச்சட்டம். வலையில்லாத இன்னொரு ஃபிரேம் இதன்மேல் உட்காரும் மேல்சட்டம். தாளின் எல்லையைத் தீர்மானிப்பது அது. கைக்காகிதத்தின் பிசிர்போன்ற ஓரம், இரண்டு சட்டங்களுக்கும் இடையிலுள்ள இடுக்கில் கசியும் கூழால் வருவது. மரத்துக்கு வார்னிஷ் அடித்துவிட்டால் நெடுநாள் வரும்.

படி 2: கூழ்

அலுவலகத்தில் கழித்த ஏ4 தாள்கள், பழைய கடித உறைகள், வரைபடத் தாள்கள் எல்லாம் சரி. செய்தித்தாளை மட்டும் நம்பாதீர்கள். அதில் மரத்தின் இழைகளை இறுக்கிப் பிடித்துவைக்கும் லிக்னின் என்ற பொருள் அதிகம், இழை பலவீனம், சீக்கிரம் மஞ்சளாகிவிடும். வழவழப்பான பத்திரிகைத் தாள் வேண்டவே வேண்டாம். அந்த வழவழப்பு பெரும்பாலும் களிமண் பூச்சு. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டு வரை காகிதத்துக்கு மூலப்பொருள் கந்தல் துணிதான். அந்த உறுதி கொஞ்சமாவது வேண்டுமென்றால், கூழில் கால் பங்கு பருத்தி சேருங்கள். வெள்ளை காட்டன் துணியை மிகச் சிறிய துணுக்குகளாக வெட்டினாலும் வீட்டு மிக்ஸி முழுதாக அரைக்காது. கடையில் கிடைக்கும் பருத்திக் கூழ்ப்பலகை (பருத்திக் கூழை அழுத்திக் காயவைத்த தகடு) அதைவிட எளிது.

ஸ்டேப்ளர் பின், ஒட்டுப்பட்டை எல்லாவற்றையும் நீக்கி, தாளைத் தபால்தலை அளவுக்குக் கிழித்து இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் ஒரு கைப்பிடி ஊறிய தாளுக்கு முக்கால் ஜாடி தண்ணீர் என்ற கணக்கில் மிக்ஸியில் அரை நிமிடம் அடியுங்கள். தண்ணீரைக் குறைத்தால் மோட்டார் சூடாகும். நெடுநேரம் ஓட்டினால் இழைகள் துண்டுபட்டுத் தாள் மொறுமொறுப்பாகி ஒடியும். பதம் பார்க்க, ஒரு ஸ்பூன் கூழைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். கட்டிகள் மிதந்தால் இன்னும் சில விநாடிகள் அடியுங்கள். மேகம்போல் பரவி நின்றால் போதும்.

மிக்ஸி இல்லாத காலத்தில் இந்த ஒரு வேலைக்குத்தான் ஆலைகளே கட்டினார்கள். இத்தாலியின் ஃபாப்ரியானோவில் ஆற்றுத் தண்ணீரால் ஓடிய சம்மட்டிகள் துணியை இடித்தன. பிறகு 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கத்திகள் பதித்த உருளை இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். நாம் அரை நிமிடத்தில் முடிக்கிறோம்.

படி 3: தாள் எடுத்தல்

பேசினில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நீர்மோர் பதம் இருந்தால் போதும். முதல்முறை செய்கிறவர்கள் எல்லோருமே கூழைக் கூட்டித்தான் போடுவார்கள், அட்டைபோல் ஒரு தாள் வரும். ஒவ்வொரு தாளுக்கு முன்னாலும் கையை விட்டு அடியிலிருந்து கலக்குங்கள். கூழ் அடியில் தங்கிவிடும், அதை மறந்தால் அடுத்த தாள் கண்ணாடிபோல் மெலிந்துவிடும்.

வலை மேலே பார்க்க வலைச்சட்டத்தைப் பிடித்து, அதன்மேல் மேல்சட்டத்தை வைத்து, இரண்டையும் இரு கையாலும் சேர்த்து இறுக்குங்கள். பேசினின் தூர ஓரத்தில் செங்குத்தாக இறக்கி, தண்ணீருக்குள்ளேயே படுக்கை வாக்கில் திருப்பி, உங்களை நோக்கி இழுத்தபடி நேராகத் தூக்குங்கள். தயங்காமல் ஒரே அசைவாகச் செய்யுங்கள்.

தூக்கியவுடன் தண்ணீர் வலைவழியே கொட்டும். அந்தச் சில விநாடிகள்தான் தாளின் தலையெழுத்து. அப்போதே சட்டத்தை மெல்ல முன்னும் பின்னும், இடமும் வலமும் அசையுங்கள். இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக்கொள்ளும். தாள் எந்தப் பக்கம் இழுத்தாலும் சமமாகத் தாங்கும். தண்ணீர் வடிந்து பளபளப்பு மங்கியதும் அசைப்பதை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு அசைத்தால் படிந்த இழை விலகும். இந்த அசைவை வார்த்தையால் முழுதாகச் சொல்ல முடியாது. பட்டறைக்குப் போவதில் உள்ள பெரிய லாபமே, தெரிந்த ஒருவர் கை அசைவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான்.

தாள் திட்டுத்திட்டாக வந்தால் கவலை வேண்டாம். சட்டத்தைக் கவிழ்த்துத் தண்ணீர்ப் பரப்பைத் தொடுங்கள், கூழ் தொட்டிக்கே திரும்பிவிடும். இன்னொன்று, மேல்சட்டத்தை எடுக்கும்போது அதன் விளிம்பிலிருந்து தாள்மேல் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. விழுந்த இடம் காய்ந்த பிறகும் வட்டமாக மெலிந்து தெரியும்.

பேசின் சிறிதாக இருந்தால் நேபாளத்து வழியைப் பின்பற்றுங்கள். தண்ணீரில் மிதக்கும் சட்டத்துக்குள் அளந்த கூழை ஊற்றிக் கையால் பரப்பி, தூக்கி, சட்டத்தோடேயே வெயிலில் காயவைத்து உரித்தெடுப்பார்கள். மெதுவான முறை, ஆனால் அடுத்த படியே தேவைப்படாது.

படி 4: துணிமேல் படியவைத்தல்

தட்டையான பலகையில் மடித்த ஈரத்துண்டு ஒன்றை நடுவில் சற்றே மேடாக இருக்கும்படி போட்டு, அதன்மேல் ஈரக் கம்பளித் துணியை விரியுங்கள். வலைச்சட்டத்தின் நீண்ட விளிம்பைத் துணியில் ஊன்றி, தாள் கீழே பார்க்கச் சாய்த்து, அழுத்தியபடியே எதிர் விளிம்பு வரை உருட்டித் தூக்குங்கள். தாள் துணியில் நின்றுவிடும். வரவில்லை என்றால் வலையின் பின்புறம் ஸ்பாஞ்சால் ஒற்றித் தண்ணீரை இன்னும் எடுங்கள். துணி காய்ந்திருந்தாலும் தாள் இறங்காது. அதன்மேல் அடுத்த துணி, அடுத்த தாள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

பூவிதழ், நூல், இலை சேர்க்க எல்லோருக்கும் ஆசை வரும். வெறும் வெள்ளைத் தாள் பத்துப் பன்னிரண்டு சமமாக வரும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள். அலங்காரம் ஏறியபின் தாளின் குறை கண்ணில் படாது, கையும் பழகாது.

படி 5: அழுத்துதல், காயவைத்தல்

அடுக்கின் மேலும் கீழும் பலகை வைத்து, முதலில் கையால் மெல்ல அழுத்துங்கள். எடுத்ததும் ஏறி நின்றால் ஈரத்தாள் நசுங்கி வழியும். தண்ணீர் குறைந்தபின் மேலே ஏறி நிற்கலாம், செங்கல் அடுக்கலாம். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு இழைகள் நெருங்கும், தாள் உறுதிப்படும்.

பிறகு தாளைத் துணியோடு எடுத்து, கண்ணாடி அல்லது வழவழப்பான டைல்ஸ்மேல் கவிழ்த்து, துணியின்மேல் தேய்த்துவிட்டுத் துணியை உரியுங்கள். ஒட்டிய பக்கம் மொழுமொழுவென்று காயும். வடஇந்தியாவில் பரம்பரையாகக் காகிதம் செய்த காகசிகள் சாந்து பூசிய சுவரில் இப்படித்தான் தாளை ஒட்டிக் காயவைத்தார்கள். கொடியில் தொங்கவிட்டு நேர்வெயிலில் போட்டால் சுருண்டுவிடும்.

மீந்த கூழைச் சாக்கடையில் ஊற்றவே ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். துணியில் வடிகட்டி, பிழிந்து, உருண்டையாக்கிக் காயவையுங்கள். அடுத்த முறை ஊறவைத்தால் மீண்டும் கூழ்.

படி 6: பேனா ஓட வேண்டுமென்றால்

இப்போது கையிலிருக்கும் தாளில் மைப்பேனாவால் எழுதினால் மை பரவும். ஐரோப்பிய முறையில் ஜெலட்டின் ஏற்றுவார்கள். அரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் ஜெலட்டினை ஊறவைத்து, கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பில் கரைத்து, நன்றாகக் காய்ந்த தாளை அதில் நனைத்து மறுபடி காயவைப்பது. இந்தியக் கைக்காகிதத்தில் மாவுக்கஞ்சி தடவி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது வழக்கம். நீர்த்த சோற்றுக்கஞ்சியைப் பிரஷ்ஷால் தடவினாலும் வேலை நடக்கும். ஆனால் கஞ்சி இராமபாணப் பூச்சியை அழைக்கும், ஈரமான அலமாரியில் வைக்காதீர்கள். 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தில், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் முயற்சியால் கைக்காகிதம் முக்கியத் தொழில்களில் ஒன்றாக எடுக்கப்பட்டது. நம் பக்கத்துக்கு இது அன்னியக் கலையாக இல்லாமல் போனதில் அவருக்குப் பங்குண்டு.

படி 7: நோட்டுத் தைத்தல்

நான்கைந்து தாள்களைத் தனித்தனியே பாதியாக மடித்து, ஸ்பூன் காம்பால் மடிப்பைத் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். சற்றுத் தடிமனான தாள் ஒன்றை வெளியே அட்டையாகப் போடுங்கள். கடையில் வாங்கிய அட்டையென்றால் முதலில் இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள்; எளிதாக வளையும் திசையிலேயே முதுகு மடிப்பு வர வேண்டும். கைக்காகிதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, படி 3-ல் நாம் கொடுத்த அசைவு அதைத் தீர்த்துவிட்டது.

மடிப்பின் உள்பக்கத்தில் மூன்று இடம் குறியுங்கள்: நடுவில் ஒன்று, இரு முனையிலிருந்தும் இரண்டு செ.மீ. உள்ளே ஒவ்வொன்று. ஊசியால் உள்ளிருந்து வெளியே துளையிடுங்கள். நோட்டின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு நூலை வெட்டி மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளிருந்து நடுத்துளைவழியே வெளியே வாருங்கள், ஒரு விரல் நீளம் நூலை உள்ளே விட்டுவையுங்கள். வெளியே மேலே போய், மேல்துளையில் உள்ளே நுழையுங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே வாருங்கள். திரும்ப நடுத்துளையில் உள்ளே நுழையுங்கள். இப்போது நூலின் இரு முனையும் உள்ளே நடுவில், மேல்துளையிலிருந்து கீழ்த்துளை வரை ஓடும் நீளத் தையலுக்கு ஆளுக்கொரு பக்கமாக இருக்க வேண்டும். ஒரே பக்கம் இருந்தால் ஒன்றை நீளத் தையலுக்கு அடியில் விட்டு மறுபக்கம் எடுங்கள். தொய்வை இறுக்கும்போது நூலை முதுகின் நீளவாக்கில் இழுங்கள். உங்களை நோக்கிச் செங்குத்தாக இழுத்தால் துளை கிழியும். அந்த நீளத் தையலின் மேல் இரட்டை முடிச்சுப் போட்டு, முனைகளை அரை அங்குலம் விட்டு நறுக்குங்கள். பிசிர் ஓரங்களை வெட்டிச் சமப்படுத்த வேண்டாம். நோட்டை மூடி, கனமான புத்தகம் ஒன்றின் கீழ் ஓர் இரவு வைத்தால் முதுகு தட்டையாக அமரும், மறுநாள் எழுதத் தொடங்கலாம்.