பழைய எஸ்யூவில கரன்ட் தொல்லையா? பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க

என்கிட்ட இருக்குறது 15 வருஷத்துக்கு மேல ஓடின எஸ்யூவி. இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, ஆனா கரன்ட் விஷயத்துல அது குடுக்காத தொல்லை இல்ல. ஒருநாள் காலைல சாவியத் திருப்பினா 'டக்'னு ஒரே ஒரு சத்தம், அதோட சரி. ஒர்க்‌ஷாப்ல பேட்டரி போச்சுன்னாங்க, மாத்தினேன், ரெண்டு வாரத்துல மறுபடி அதே டக். அப்புறம் செல்ஃப் மோட்டார் போச்சுன்னாங்க, அதையும் மாத்தினேன், மறுபடி டக். கடைசில நானே கீழ படுத்துப் பார்த்தா இஞ்சினையும் சேஸியையும் சேர்க்கிற எர்த் பட்டை (கரன்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வழி), அது போல்ட் ஆகுற இடத்துல துரு ஏறி உதிர்ந்துட்டு இருக்கு. உப்புத்தாள் வெச்சு நல்லா தேய்ச்சு இறுக்குனேன், அவ்ளோதான், வண்டி ஒரே அடியில ஸ்டார்ட் ஆச்சு. நல்ல பேட்டரியும் நல்ல மோட்டாரும் போய் குப்பைல கிடந்ததுதான் மிச்சம்.

அதனால சொல்றேன், வயசான வண்டில பார்ட்ஸ் கெட்டுப் போறதை விட அதுக்குப் போற வழி கெட்டுப் போறதுதான் அதிகம். ஒயர், எர்த், கனெக்டர், இந்த மூணையும் பார்த்து முடிக்காம எதையும் மாத்தாதீங்க.

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு பல்பு வெச்ச டெஸ்டர், 10ம் நம்பர் ஸ்பானர், ஒயர் பிரஷ், உப்புத்தாள், டார்ச், இது போதும். முடிஞ்சா உங்க மாடலோட ஒயரிங் டயக்ராம் ஒண்ணு தேடி வெச்சுக்கோங்க, எந்த எர்த் எங்க போல்ட் ஆகியிருக்குன்னு அதுல இருக்கும், பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.

என்ன கம்ப்ளைன்டா இருந்தாலும் பேட்டரிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். பேட்டரி வீக்கா இருந்தா ஏபிஎஸ் லைட், ஸ்டியரிங் லைட், சம்பந்தமே இல்லாத எரர் எல்லாம் டாஷ்போர்டுல வரிசையா எரியும், அதை நம்பி சென்சர் மாத்துனவங்க நிறைய பேர். ராத்திரி முழுக்க நின்ன வண்டில, கதவைத் தொறந்து லைட்டுகளைப் போடுறதுக்கு முன்னாடி அளந்தா 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும். 12.2னா பாதி சார்ஜ்தான். 12க்கு கீழன்னா முதல்ல சார்ஜ் போட்டுட்டு அப்புறம் பேசுவோம். ஆனா சும்மா நிக்கும்போது 12.6 காட்டுறதை வெச்சு பேட்டரி நல்லா இருக்குன்னு சொல்லிட முடியாது, செல்ஃப் அடிக்கும்போதும் மீட்டரைப் பாருங்க, 9.6க்கு கீழ போனா ஒண்ணு பேட்டரி முடிஞ்சது, இல்ல செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்குது.

டெர்மினல் வெள்ளையா பூத்திருந்தா வெந்நீர்ல கொஞ்சம் சோடா உப்பு கலந்து ஊத்திக் கழுவுங்க, கண்ணுல கையில தெறிக்காம. கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசி. ஏன்னா பிளஸ்ல ஸ்பானர் இருக்கும்போது அது பாடில உரசினாலும் மைனஸ் கழண்டிருந்தா ஒண்ணும் ஆகாது, மாட்டியிருந்தா தீப்பொறிதான்.

அடுத்ததுதான் நான் ரெண்டு பார்ட்ஸ் மாத்தினப்புறம் கத்துக்கிட்ட டெஸ்ட். மீட்டரை டிசி வோல்ட்டுல வெச்சு கறுப்பு பின்னை பேட்டரியோட மைனஸ் தலைல வைங்க (க்ளாம்ப்ல இல்ல, ஈயத் தலையிலயே), சிவப்பு பின்னை இஞ்சின் பிளாக்ல பெயிண்ட் இல்லாத ஒரு இடத்துல அழுத்திப் பிடிங்க. வண்டி நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்னொருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, உங்க கையும் துணியும் பெல்ட் பக்கம் போகாம பார்த்துக்கோங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் ஓகே. என் வண்டி அன்னிக்கு 4 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு, அதாவது பேட்டரி குடுக்குறதுல மூணுல ஒரு பங்கு அந்த துருவுலயே செத்துட்டு இருந்திருக்கு. இதே மாதிரி பிளஸ் தலைக்கும் செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட்டுக்கும் நடுவுல அளந்தா 0.5க்குள்ள இருக்கணும்.

சிலர் மீட்டரை ஓம்ஸ்ல (தடை அளக்குற செட்டிங்) வெச்சு ஒயரைப் பார்த்து 'ஜீரோதான் காட்டுது, ஒயர் நல்லாருக்கு'ம்பாங்க. நம்பாதீங்க. 30 இழை இருக்குற ஒயர்ல ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம் இருந்தாலும் மீட்டர் ஜீரோ கிட்டதான் காட்டும், லோடு வந்தாத்தான் அதோட வண்டவாளம் தெரியும்.

மோசமான எர்த்துக்கு வேற அறிகுறியும் உண்டு. பிரேக் அழுத்தினா பின்னாடி இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும், ஹாரன் அடிச்சா டாஷ் லைட் மங்கும், சில நேரம் கியர் கேபிளோ ஆக்ஸிலேட்டர் கேபிளோ சுடும், ஏன்னா கரன்ட் வேற வழி இல்லாம அது வழியா திரும்பிப் போகுது.

சார்ஜிங் பார்க்கிறது சுலபம். வண்டி ஓடும்போது பேட்டரில 13.8லேர்ந்து 14.5 வரை இருக்கணும், ஹெட்லைட், ஏசி ப்ளோயர் எல்லாம் போட்டாலும் 13.5க்கு கீழ இறங்கக் கூடாது. 15ஐ தாண்டினா ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துறது) கோளாறு, அப்படியே ஓட்டினா பேட்டரி வெந்துடும். வண்டி ஓடும்போதே மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு (V~ குறி) மாத்தி அதே இடத்துல வைங்க, 0.5க்கு மேல காட்டுனா ஆல்டர்னேட்டர் (வண்டி ஓடும்போது சார்ஜ் குடுக்குறது) உள்ள இருக்குற டயோடு, அதாவது கரன்டை ஒரு பக்கம் மட்டும் விடுற பார்ட், அது மேல சந்தேகப்படலாம். அந்த டயோடு லீக் ஆனா ராத்திரில பேட்டரிய உறிஞ்சவும் செய்யும்.

ராத்திரில உறிஞ்சுறதுன்னதும் ஞாபகம் வருது, ரெண்டு நாள் நிறுத்தினா பேட்டரி டவுன் ஆகுதா? மீட்டரோட சிவப்பு ஒயரை 10 ஆம்ப் ஓட்டைக்கு மாத்தி, பேட்டரி மைனஸைக் கழட்டி, கழண்ட கேபிளுக்கும் மைனஸ் தலைக்கும் நடுவுல மீட்டரை மாட்டுங்க. கதவுப் பூட்டை ஸ்க்ரூடிரைவரால தள்ளி மூடின மாதிரி வெச்சிட்டு (சாவிய கையிலயே வெச்சுக்கோங்க, உள்ள வெச்சுப் பூட்டிக்கிட்டா நான் பொறுப்பில்ல) ஒரு அரை மணி நேரம் டீ குடிச்சிட்டு வாங்க, ஏன்னா உள்ள இருக்குற கம்ப்யூட்டருங்க தூங்க அவ்ளோ நேரம் ஆகும். அப்புறம் 50 மில்லிஆம்ப்புக்கு உள்ள இருந்தா நார்மல். மேல இருந்தா எந்த சர்க்யூட்டுன்னு கண்டுபிடிக்க ஃப்யூஸைப் புடுங்கிப் புடுங்கிப் பார்க்க வேணாம், புடுங்கிப் போட்டா தூங்கினது முழிச்சிக்கும். ஃப்யூஸ் தலைல ரெண்டு குட்டி ஓட்டை இருக்கும்ல, இன்னொரு மீட்டர் இருந்தா மில்லிவோல்ட்டுல வெச்சு அந்த ரெண்டு ஓட்டைலயும் குத்துங்க, 0.0 காட்டுனா அதுல கரன்ட் ஓடல, ஏதாவது நம்பர் வந்தா ஓடுது. அப்படியே வரிசையா குத்திட்டே போகலாம். ஆம்ப்ஸ்ல மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவி போடாதீங்க, செல்ஃப் அடிக்கவே அடிக்காதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும். முடிஞ்சதும் சிவப்பு ஒயரை வோல்ட் ஓட்டைக்கு மாத்துங்க, நான் மறந்துட்டு அப்படியே பேட்டரில வெச்சு ஒரு மீட்டரைக் கொளுத்தியிருக்கேன்.

பெரும்பாலும் மாட்டுறது அப்புறமா போட்ட சாமானாத்தான் இருக்கும். ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, அலாரம், ஃபாக் லைட். ஒயரை முறுக்கி மேல டேப் சுத்தி விட்டிருப்பாங்க, அந்த டேப் சூட்டுல பசை விட்டுக் கழண்டு உள்ள பச்சையா களிம்பு ஏறியிருக்கும். அதை வெட்டிட்டு சால்டர் இல்லன்னா க்ரிம்ப் (உலோகக் குழாய்ல நசுக்கி இணைக்கிறது) பண்ணி ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி இறுக்குற குழாய்) போடுங்க.

எஸ்யூவிக்குன்னே ஒரு நோய் இருக்கு, டிக்கி கதவு ஒயர். மேல தூக்குற கதவா இருந்தா கூரைக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு ரப்பர் குழாய் வளைஞ்சு போகும், உள்ள பத்து பதினஞ்சு ஒயர். ஒவ்வொரு தடவை தொறக்கும்போதும் அது அதே இடத்துல மடங்குது. பின் வைப்பர் வேலை செய்யல, நம்பர் பிளேட் லைட் வந்து வந்து போகுது, டிக்கி லாக் தானா தொறக்குதுன்னா மோட்டாரைப் பார்க்காதீங்க, அந்த ரப்பரை உருவிப் பாருங்க. சில ஒயர் வெளிய முழுசா இருக்கும், மேல தோல்ல கீறல் கூட இருக்காது. ஒவ்வொண்ணையும் மெல்ல இழுத்துப் பாருங்க, நல்ல ஒயர் நீளாது, உள்ள செம்பு அறுந்திருந்தா அந்த இடத்துல மட்டும் தோல் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும். எனக்கு அப்படி மூணு மாட்டுச்சு. ஒட்டுப் போடும்போது கொஞ்சம் நீளமா மெல்லிய இழைகள் உள்ள ஒயரா சேர்த்து, ஒட்டு மடிப்புல வராம தள்ளி வைங்க. டிரைவர் கதவு ஒயருக்கும் இதே கதைதான், பவர் விண்டோ ஒண்ணு மட்டும் மக்கர் பண்ணா முதல்ல அங்க.

ஃப்யூஸ் போனா அதே ஆம்ப்தான் போடணும், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பெருசு போட்டா ஃப்யூஸ் போகாது, அதுக்கு பதிலா ஒயர் எரியும். ரிலே (சின்ன கரன்ட்ல பெரிய கரன்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) மேல சந்தேகம்னா பக்கத்துல அதே நம்பர்ல இருக்குற ரிலேவை மாத்திப் போட்டுப் பாருங்க, ஹாரன் ரிலே அனேகமா பொருந்தும்.

மழைக்கு அப்புறம் மட்டும் தொல்லைன்னா சன்ரூஃப் வடிகால் குழாய் அடைச்சிருக்கான்னு பாருங்க, கார்ப்பெட்டைத் தூக்கி அடியில கைய வெச்சுப் பாருங்க, ஈரம் இருந்தா அங்க இருக்குற கனெக்டர் எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணா கழட்டிக் காய வைக்கணும்.

மஞ்சள் கலர் கனெக்டர், மஞ்சள் ஸ்லீவ் போட்ட ஒயர் எதுலயும் கை வைக்காதீங்க, டெஸ்டரும் குத்தாதீங்க, அது ஏர்பேக். அதை மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க.