வினவலில் மதிப்பை ஒட்டாமல் தனியே அனுப்புங்கள்

பைதான் மொழி நிரலிலிருந்து எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஒரு பெயரைத் தேடும்போது, பயனர் தட்டச்சு செய்ததை மேற்கோள் குறிகளுக்குள் வைத்து வினவல் சரத்தோடு (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையின் எழுத்துத்தொடரோடு) ஒட்டிவிடும் வழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. டி'சூசா என்ற பெயர் வந்தவுடனேயே, அதிலுள்ள குறி மேற்கோளை இடையிலேயே முடித்துவிடுவதால், அந்த வினவல் உடைந்துவிடும். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் தாக்குதலும் (உள்ளீட்டுக்குள் கட்டளையை ஒளித்து அனுப்புவது) இதே ஓட்டை வழியாகத்தான் நுழைகிறது. மதிப்பு வரவேண்டிய இடத்தில், சுற்றிலும் மேற்கோள் குறி இல்லாமல், ஒரு கேள்விக்குறியை மட்டும் இட்டு, மதிப்பை, வினவலை இயக்கும் எக்ஸிகியூட் செயற்கூற்றின் இரண்டாவது உள்ளீடாகத் தனியே கொடுங்கள். அப்போது அதில் என்ன எழுதியிருந்தாலும் தரவுத்தளம் அதைக் கட்டளையாக அல்லாமல் தரவாகவே எடுத்துக்கொள்ளும்.

புதியவர்கள் மிகுதியும் தடுமாறுவது ஒரு காற்புள்ளியில்தான். ஒரே மதிப்பாக இருந்தாலும் அதை டியூப்பிளாக, அதாவது அடைப்புக்குறிக்குள் காற்புள்ளியோடு எழுதும் மதிப்புத் தொகுப்பாக, தர வேண்டும். அடைப்புக்குறிக்குள் 'குமார்' என்று மட்டும் எழுதினால் அது சரமாகவே நின்றுவிடும்; சரத்தின் ஒவ்வொரு குறியீடும் தனி மதிப்பாக எண்ணப்படும். நம் கண்ணுக்கு 3 எழுத்தாகத் தெரியும் அந்தப் பெயரில், துணைக்குறிகளும் புள்ளியும் சேர்த்து யூனிகோடில் 6 குறியீடுகள் இருப்பதால், 1 மதிப்பு வேண்டிய இடத்தில் 6 தரப்பட்டுள்ளதாகப் பிழைச்செய்தி வரும். பெயரை அடுத்து ஒரு காற்புள்ளி இட்டால் சரியாகிவிடும்.

அட்டவணைப் பெயருக்கும் நெடுவரிசைப் பெயருக்கும் கேள்விக்குறி செல்லாது. அவற்றை நிரலிலேயே எழுதிவைத்த அனுமதிப் பட்டியலிலிருந்து மட்டும் எடுங்கள்.