விரலி மஞ்சளில் குர்குமின் பிரிக்கிறீர்களா? முதலில் மிக்ஸியைக் கவனியுங்கள்

ஈரோட்டு மஞ்சளில் குர்குமின், அதாவது மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள், எவ்வளவு என்று பார்க்க, சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்ப இறக்கும் கண்ணாடிக் கருவி) போட்டால் அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். கரைப்பானை அழுத்தத்தில் சூடாக்கிப் பிரிக்கும் அழுத்தக் கரைப்பான் கருவியில் அரை மணிக்குள் முடிந்துவிடும். சூட்சுமம் இவ்வளவுதான்: எத்தனால் (ஆல்கஹால்) 78 டிகிரியில் கொதித்துவிடும், 100 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு) அடைத்து வைத்தால் 100 டிகிரியிலும் திரவமாகவே நிற்கும், அந்தச் சூட்டில் மஞ்சளுக்குள் வேகமாகப் புகுந்து கரைத்துக்கொண்டு வரும். குக்கர் கதைதான். அதற்காக வீட்டுக் குக்கரில் ஸ்பிரிட் ஊற்றிப் பார்க்காதீங்க, அடுப்படியே பற்றிக்கொள்ளும்.

வேகவைத்துக் காயவைத்த விரலியாக எடுங்கள். ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. குர்குமின் தண்ணீரில் கரையாது என்பதால் அந்த ஈரம் காரியத்தைக் கெடுக்கும். மிக்ஸியில் ரவைப் பதத்துக்கு அரைத்தால் போதும். நைசாக இருந்தால் நன்றாக இறங்கும் என்று நான் முதல் தடவை கோலமாவு மாதிரி அரைத்துத் திணித்தேன், செல் (தூளைப் போடும் ஸ்டீல் குழாய்) அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறி மெஷின் தானாகவே நின்றுவிட்டது, களிபோல் இறுகியதைச் சுரண்டி எடுக்கவே ஒரு மதியம் போனது, நகக்கண்ணில் ஒரு வாரம் மஞ்சள்.

சரி, 2 கிராம் தூளோடு அதைப்போல இரண்டு மடங்கு டயட்டமைட் (நுண்துளைகள் உள்ள ஒருவகை மண்தூள்) அல்லது கழுவிக் காயவைத்த மணல் கலந்து, அடியில் வடிதாள் போட்ட ஸ்டீல் செல்லில் நிரப்புங்கள், அழுத்திக் குத்த வேண்டாம். எத்தனால், 100 டிகிரி, 100 பார், 5 நிமிடம் ஊறல். இப்படி மூன்று சுற்று. கடைசியில் மெஷின் நைட்ரஜன் விட்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். ஒவ்வொரு சுற்றையும் தனிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள்: முதல் சுற்று கருஞ்சிவப்பாக, தேயிலை டிகாக்‌ஷன் மாதிரி வரும், மூன்றாவது எலுமிச்சை நிறத்துக்கு வெளுத்திருந்தால் மஞ்சளில் இனி ஒன்றுமில்லை. வெளுக்கவில்லையென்றால் இன்னொரு சுற்று விடுங்கள், சூட்டை ஏற்றாதீர்கள்.

அப்புறம் வெளிச்சமும் காரமும் (சுண்ணாம்பு, சோப்பு மாதிரி) குர்குமினுக்கு ஆகாது. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதே, அதேதான். சோப்பு சரியாகப் போகாத குப்பியில் பிடித்தால் குர்குமின் சிதைந்துபோகும். பழுப்புக் குப்பியில் வையுங்கள், எத்தனாலை வெற்றிடத்தில் 40 டிகிரியில் ஆவியாக்குங்கள்.

அளவை நிறமாலைமானியில் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) 425 நானோமீட்டர் அலைநீளத்தில் பாருங்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 3 சதவீதத்தை ஒட்டி வந்தால் சரி. 8, 9 என்று காட்டினால் துள்ளிக் குதிக்காமல் கரைசலை எத்தனை மடங்கு நீர்த்தீர்கள் என்ற கணக்கை ஒரு தடவை திரும்பப் போட்டுப் பாருங்க.