எழுதத் திணறும் கெட்டிக்காரப் பிள்ளைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் சிலரோடு போன வாரம் பேசிக்கொண்டிருந்தேன். சிறப்புக் கல்விக்கு வந்த புதிதில் நாங்கள் செய்ததையெல்லாம் அவர்களும் அப்படியே செய்கிறார்கள், அதுவும் அக்கறையோடு. அடிக்காதே, திட்டாதே, அடுத்த பிள்ளையோடு ஒப்பிடாதே என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறுகளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. வாயால் கேட்டால் எட்டாம் வகுப்புக் கணக்குக்கு விடை சொல்லும், எழுதச் சொன்னால் நாலு வரி தாண்டாது. டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிக்கல்), டிஸ்கிராபியா (எழுதுவதில் சிக்கல்), ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, துறுதுறுப்பு) இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும், கூடவே வயதை மீறிய அறிவும் இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது இது.

பட்டியலில் தேடுவது

பள்ளியில் மெல்லக் கற்போர் பட்டியல் இருக்கும், மீத்திறன் மாணவர் பட்டியல் இருக்கும். இந்தப் பிள்ளை இரண்டிலும் சிக்காது. அறிவு குறையை மறைக்கும், குறை அறிவை மறைக்கும், மதிப்பெண் நடுவில் போய் நிற்கும். மூன்றாம் வகுப்பு வரை பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடமாக வைத்திருப்பான். சரளமாக வாசிப்பது போலவே இருக்கும். அப்போது அவன் விரலைப் பாருங்கள்: வாய் மூன்றாவது வரியில் இருக்கும், விரல் முதல் வரியிலேயே நிற்கும். கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும். நாலு, ஐந்தாம் வகுப்பில் பாடம் நீளும்போது இந்த உத்தி கைகொடுக்காது. 'நல்லாப் படிச்ச பையன், கெட்டுப்போயிட்டான்' என்று வீட்டில் சொல்ல ஆரம்பிப்பது அப்போதுதான்.

ஐக்யூ அறிக்கையில் மொத்த எண்ணை மட்டும் பார்ப்பது

மொழியறிவிலும் காட்சி வழிச் சிந்தனையிலும் மிக உயரத்தில் இருக்கும் பிள்ளை, வேலை நினைவிலும் (கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்வது) செயல் வேகத்திலும் மிகக் கீழே இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்த மொத்த எண் 'சராசரி' என்று வந்துவிடும். அறிக்கை கைக்கு வந்ததும் உட்பிரிவு மதிப்பெண்களைப் படியுங்கள். உயரத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் அந்தப் பிள்ளை இருக்கிறது.

இம்போசிஷன்

கை வலிக்கும். எழுத்துப்பிழை போகாது.

கைவந்ததைப் பறித்து வைப்பது

இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 'முதல்ல நோட்டை முடி, அப்புறம் செஸ்.' 'கையெழுத்து திருந்தட்டும், பிறகு கண்காட்சிக்குப் பேர் கொடுக்கலாம்.' சிறப்புக் கல்வியில் பி.எட். நடத்தும் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிற ஊரிலேயே இந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை செய்பவரின் மகன் ஒருவன் என்னிடம் வந்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயச் சிமெண்டை ஊற்றுவதை விவரித்துக்கொண்டே வந்தவன், சட்டென்று நிறுத்திச் சொன்னான்: "டீச்சர், கண்ணாடிப் பக்கந்தான கல்லுக்கு மூஞ்சி? அப்ப இடது பக்கம் ஊத்துன கொடி, கல்லைத் திருப்புனா வலது பக்கம் வரும். கிளி படம் போடணும்னா அச்சைத் திருப்பித்தான் செய்யணும்." அவனுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. அதே பையனுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். 'கொ' எழுதும்போது கொம்பு இருக்கும், கால் இருக்காது.

அவன் வகுப்பில், பாவம், அந்த ஆசிரியையும் அக்கறையாகத்தான் செய்தார். ஓவிய வகுப்பில் ஓவியத்துக்குப் பதில் பாடம் பார்த்து எழுதவைத்தார். மற்ற பிள்ளைகள் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியைப் பார்க்கப் போன அன்று, பழைய பேட்டரியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கும் இந்தப் பிள்ளை மட்டும் முடிக்காத நோட்டோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தான். தீபாவளிக்குள் அறிவியல் வகுப்பில் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். திங்கட்கிழமை காலையானால் வயிற்று வலி. அவன் அம்மா என்னிடம் சொன்னது: "முன்னாடி எழுதத்தான் மாட்டான் டீச்சர், இப்ப பேசவும் மாட்டேங்கிறான்."

அந்த நேரத்தையெல்லாம் பிடுங்கியதால் எழுத்தாவது வந்ததா? இல்லை. நேரம் போதாமல் வந்த குறை அல்ல அது. பார்த்து எழுதுவது, ஒலியையும் எழுத்தையும் பொருத்துவதில் உள்ள சிக்கலைத் தொடுவதே இல்லை. ஒலியைப் பிரித்துக் கேட்டு, சொல்லி, தடவி, எழுதி, ஒழுங்கான வரிசையில் தினமும் கொஞ்ச நேரம் பழக்க வேண்டும். அந்த இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்காக ஓவிய வகுப்பைப் பலி கொடுக்கத் தேவையே இல்லை.

அவன் பட்டறையையே பாடமாக்கினோம். கல் செய்யும் முறையை அவன் சொல்லச் சொல்ல அம்மா போனில் பதிந்தார். பிறகு அவனே படம் வரைந்து, பாகங்களுக்குப் பெயர் எழுதினான்: கண்ணாடி, அச்சு, தகடு, சிமெண்ட். 'அச்சு' என்று எழுத ச் எதற்கு என்பது, தன் அப்பா கையில் இருக்கும் பொருளின் பெயரில் வந்தபோது அவனுக்குப் பிடிபட்டது. கணக்கில் வகுப்பைத் தாண்டிப் போகவிட்டோம். விடையை வாயால் சொன்னால் போதும் என்றோம். பலவீனத்துக்குப் பயிற்சி, பலத்துக்குத் தீனி, இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும். நோட்டை முடித்ததற்குப் பரிசாகப் பலத்தைக் கொடுப்பது என்ற பேச்சே கூடாது.

மீடியத்தை மாற்றினால் சரியாகும் என்பது

ஆகாது. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறு. இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். தமிழுக்கு மாறினாலும் ண, ன, ந காத்திருக்கிறது. மாற்ற வேண்டியது கற்றுக்கொடுக்கும் முறையை.

சான்றிதழுக்கு வெட்கப்படுவது

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் இதற்கு உண்டு. 'நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது...' என்று அப்பத்தாக்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் பத்தாம் வகுப்பு அரைப்பரீட்சைக்குப் பிறகு சான்றிதழுக்கு ஓடி வந்தால் யாராலும் உதவ முடியாது.

ஆறாம் வகுப்பில் யாருக்கும் சொல்லாமல் விடுவது

ஐந்தாம் வகுப்பு வரை ஒரே ஆசிரியை. பிள்ளையைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர். அவர்கள் கண்ணில் முதலில் படுவது நோட்டுதான். ஜூன் முதல் வாரத்திலேயே ஒரு பக்கக் கடிதம் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். முதல் பத்தியில் பிள்ளைக்கு எது கைவந்தது, அதற்கு ஓர் உதாரணம். அடுத்ததில் எது வராது. அதன் பிறகு மூன்று வேண்டுகோள்: எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள், கரும்பலகையில் எழுதிப்போட்டதை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள், அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். கடிதத்தில் பெற்றோர் கையெழுத்தும் போன் நம்பரும் இருக்கட்டும். முதல் இடைப்பருவத் தேர்வு முடிந்ததும் அதே ஆசிரியர்களை நேரில் போய்ப் பாருங்கள்.